இறுகிப்போன ரவிக்கைக் கை

என் அத்தை காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். விடியற்காலையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை கை ஓயாது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, பழைய அளவிலேயே தைத்த ரவிக்கை இடது கையில் மட்டும் ஏறவில்லை. டைலர் தப்பாகத் தைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனார். வீட்டுக்கு வந்து பழைய ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால் அதுவும் அதே கையில் இறுக்கம். அன்றிரவு போன் செய்து, "திரும்ப வந்துடுச்சாப்பா?" என்று கேட்டார்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அதுதான் சரியும்கூட. புதிதாக வரும் வீக்கத்துக்கு ரத்தக் கட்டியோ, மீண்டும் வந்த நோயோ காரணமாக இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் முடிவு கட்டக் கூடாது. அத்தைக்கு அந்த இரண்டும் இல்லை. இது நிணநீர் வீக்கம், லிம்ஃபெடிமா என்றார்கள். சிகிச்சை நடந்த மாதங்களில் இப்படி ஒன்று வரலாம் என்று எங்களிடம் யாரும் சொன்னதே இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடலெங்கும் மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து தண்ணீரும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தசைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததை அள்ளி மறுபடி ரத்தத்தில் சேர்க்கத் தனியாக ஒரு குழாய்ப் பின்னல் உண்டு. அதில் ஓடுவதுதான் நிணநீர். ஒரு நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படித் திரும்பிப் போகிறது. போகும் வழியில் முடிச்சுகள் அதை வடிகட்டிக் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். கையின் நிணநீரில் பெரும்பகுதிக்கு அக்குளில் உள்ள முடிச்சுகள்தான் வழி.

மார்பகத்திலிருந்து கிளம்பும் புற்றுநோய் செல்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் பரவும். அதனால் டாக்டர்கள் அக்குள் முடிச்சுகளை எடுக்கிறார்கள். கரண்ட் வைத்த இடத்தில் தசை இறுகி, மிச்சமிருக்கும் குழாய்களும் ஒடுங்கலாம். உயிரைக் காப்பாற்றச் செய்த வேலை அது; குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வடிகால் குறைந்துவிட்டது, கசிவு குறையவில்லை. ஓட்டேரி நல்லா கால்வாயில் அடைப்பு விழுந்தால் புளியந்தோப்புத் தெருக்களில் என்ன ஆகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கையிலும் அதேதான்.

அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. இப்போது பலருக்கு, நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளைச் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் வருகிறது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் தலைகாட்டுவதே அதிகம். பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

தேங்குவது வெறும் தண்ணீர் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். அதில் புரதம் இருக்கிறது. அந்தப் புரதம் மேலும் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக அந்த இடத்தில் அழற்சி உண்டாகி, கொழுப்பு சேர்ந்து, நார் படிந்துவிடும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும் கை, பிற்பாடு அழுத்தினாலும் குழி விழாமல் கெட்டியாகிவிடுவது இதனால்தான். "நீர் போக ஒரு மாத்திரை போட்டால் வடிந்துவிடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாத்திரை தண்ணீரைத்தான் இறக்கும், புரதம் அங்கேயே கிடக்கும், வீக்கம் திரும்ப வரும்.

பக்கத்து வீட்டில், "யானைக்கால் கைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டார்கள். யானைக்காலைப் பார்த்து வளர்ந்த ஊர், கேள்வி தப்பில்லை. பழுதாவது அதே குழாய்கள்தான். அங்கே கொசு கொண்டுவரும் புழு கெடுக்கிறது, இங்கே கத்தியும் கதிர்வீச்சும். அத்தையின் கையில் புழுவும் இல்லை, அது யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. இதைத் தெருவில் நாலு பேரிடம் நானே போய்ச் சொன்னேன்.

சரி, என்ன செய்வது? நிணநீரைத் தள்ள இதயம் போல் ஒரு பம்பு கிடையாது. குழாய்ச் சுவர் தானாகவே கொஞ்சம் சுருங்கித் தள்ளும். மிச்ச வேலையைத் தசையும் மூச்சும் செய்கின்றன. நம் தெரு அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் மேலே ஏறும், உள்ளே இருக்கும் வால்வு அதைக் கீழே இறங்க விடாது. நிணநீர்க் குழாயிலும் அப்படி வால்வுகள் உண்டு. கை அசைய அசைய, தசை அடிக்கிற அடியில் நிணநீர் மேலே ஏறும்.

இது தெரியாமல், "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று சொன்னதைக் கேட்டு அத்தை நாலு மாதம் கையை மடியிலேயே வைத்திருந்தார். தோள் இறுகியதுதான் மிச்சம். ஏற்கெனவே வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2009-இல் வெளியானது. லேசான எடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, பயிற்சியாளர் மேற்பார்வையில் எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதும் குறைந்தது. அதற்காக மெட்ரோ வாட்டர் லாரி வந்த முதல் நாளே நிறை குடத்தைத் தூக்கிவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் அத்தையை அரை லிட்டர் பாட்டிலில் தொடங்க வைத்தார்.

அப்புறம் அழுத்த உறை, ஸ்லீவ். வெளியிலிருந்து அழுத்தம் இருந்தால் கசிவு குறையும். தசையும் அடிப்பதற்குத் தோதாக ஒரு சுவர் கிடைக்கும். வீக்கம் அதிகமென்றால் முதலில் பல அடுக்குக் கட்டுப் போட்டு, பயிற்சி பெற்றவர் கையால் மெல்லத் தடவி வடித்து, அளவு இறங்கிய பிறகுதான் உறை. கையை அளந்துதான் வாங்க வேண்டும். பொருந்தாத உறை நீரை விரல்களுக்குத் தள்ளிவிடும். மே மாத வெயிலில், அதுவும் கடலோரப் புழுக்கத்தில், அதை நாளெல்லாம் போட்டிருப்பது வேதனை. எனக்கு அது தெரியும். வேர்வையில் ஊறிய உறையைக் கழற்றிவிட்டு அத்தை கையை விசிறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். துவைத்து மாற்ற இரண்டு இருந்தால் நல்லது.

அத்தையின் தொழிலில் பெரிய ஆபத்து முள். கெளுத்தி முள் குத்தாத விரலே காசிமேட்டில் இல்லை. தேங்கிய நிணநீரில் கிருமி சுலபமாகப் பெருகும், காவல் காக்க முடிச்சுகளும் இல்லை. கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தாமதமானால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுக்கும். அந்தக் கையில் ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது பற்றி முன்பு இருந்த அளவு பயம் இப்போது இல்லை; மறு கையில் முடிந்தால் அதில் செய்துகொள்ளலாம்.

செக்கப்புக்குப் போகும்போது ஸ்கேன் எடுத்தார்களா என்றே எல்லோரும் விசாரிக்கிறோம். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனையும், வருடாந்தர மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) முக்கியம்தான். கூடவே, "கையை அளந்து பாருங்கள்" என்று நாமே கேட்க வேண்டும். இரண்டு கைக்கும் ஒரே இடத்தில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவனிக்கத் தக்கது. ஆபரேஷனுக்கு முன்பே ஒரு அளவு எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் அது இல்லை.

இப்போது அத்தை இடது கையில் தடித்த ரப்பர் கையுறையோடு மீன் வெட்டுகிறார். கெளுத்தியை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறார். மாதம் ஒன்றாம் தேதி அந்த டைலரே டேப்போடு வந்து மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, மேலே என்று மூன்று இடத்தில் அளக்கிறார். அத்தை அதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் போட்டு வைக்கிறார்.