கேரவனில் முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பெங்களூரில் கேரவன், அதாவது உள்ளே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்போர் குறைவுதான். ஆனாலும், ஒசூர் சாலையை ஒட்டிப் பொம்மசந்திராவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய கேரவன்கள் அண்மை ஆண்டுகளில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கின்றன. கொண்டு வருபவர்களில் பலர் இங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தினர்; விடுமுறைக்கு ஏற்காடு, கொடைக்கானல் என்றோ, சொந்த ஊருக்கோ அதை இழுத்துச் செல்பவர்கள். அவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எண்பதைத் தாண்டினாலே பின்னாடி வாலாட்டுது. அச்சு வளைஞ்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

அச்சு வளைந்திருப்பது அபூர்வம். டயர் காற்று, பேரிங், ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு நான் திறக்கச் சொல்வது கேரவனின் கதவைத்தான். எந்தப் பொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு திணறும். ஆகவே கழுத்தில் ஓரளவு சுமை அமரும்படி பார்த்து ஏற்றுவார்கள். கேரவனில் அந்தக் கழுத்தின் இடத்தில் காரின் ஹிட்ச் பந்து, அதாவது கேரவனை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் கொக்கியின் உருண்டை, இருக்கிறது. பந்தின் மேல் கேரவன் செங்குத்தாக இறக்கும் சுமைதான் முன்பாரம். ஐரோப்பிய நடைமுறையில் இது கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். அங்கே இழுக்கும் வண்டிகள் பெரியவை, ஹிட்ச்சும் கனமானது. இங்கே காரில் பொருத்தப்படும் ஹிட்ச்சுகளுக்கு ஐரோப்பியக் கணக்கே பொருந்தும் என்பது என் கருத்து. பொருட்களோடு சேர்த்து 800 கிலோ வரும் கேரவனுக்கு 40 முதல் 56 கிலோ வரை முன்பாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் ஹிட்ச்சின் தகட்டிலும் காரின் கையேட்டிலும் குறிப்பிட்டுள்ள உச்சவரம்பை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. சில கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். அத்தகைய காருக்கு நான் ஹிட்ச் பொருத்துவதில்லை.

முன்பாரம் குறைந்தால் ஏன் ஆடுகிறது? ஓடும் கேரவனைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குக் காற்றோ, முந்திச் செல்லும் ஆம்னி பேருந்தோ, சாலையில் ஒரு பள்ளமோ போதும். எடையின் மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால், டயர்களின் பிடிப்பு அந்த அசைவை இரண்டொரு ஆட்டத்துக்குள் அடக்கிவிடும். மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், கேரவனின் வால் ஒதுங்கும்போது அதன் கனமே அதை மேலும் இழுத்துச் செல்கிறது. கேரவனின் மூக்கு, அதாவது முன்முனை, எதிர்ப்பக்கம் திரும்பிக் காரின் பின்புறத்தை அசைக்கிறது. வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் திறன் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும் என்பதால், அறுபதில் அமைதியாக வந்த வண்டி தொண்ணூறில் கட்டுக்கு அடங்காமல் போவதில் வியப்பில்லை. ஜெர்மனியில் கேரவன் இழுக்கும் கார்களுக்கு நெடுஞ்சாலையிலும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகமே அனுமதி. அதற்குரிய தகுதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100.

அண்மையில் பார்த்த ஒரு வண்டியைக் கணக்கோடு சொன்னால் எளிதில் புரியும். ஹிட்ச்சிலிருந்து அச்சு வரை 3.2 மீட்டர். பின்புறக் கட்டிலுக்கு அடியில், அச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால், வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஒன்று இருந்தது. அது 55 கிலோ. பின்சுவரில், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால், இரண்டு சைக்கிள்கள். சேர்த்து 30 கிலோ. பின்னால் வைக்கும் எடையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, ஹிட்ச்சிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தால் வகுத்தால், முன்பாரத்தில் குறையும் அளவு கிடைக்கும். பேட்டரியால் ஏறத்தாழ 27 கிலோ, சைக்கிள்களால் 19 கிலோ. கேரவனைச் செய்தவர் 55 கிலோ முன்பாரம் வரும்படிதான் அச்சைப் பொருத்தியிருந்தார். இவை ஏறியபின் பந்தின் மேல் 9 கிலோதான் மிச்சம்.

இங்கே பலரும் செய்யும் ஒரு பரிகாரத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. பின்னால் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மூக்குப் பெட்டியில் ஜாக்கி, கருவிகள், ஸ்டெப்னி என்று எடையை ஏற்றிக் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். தராசில் 50 கிலோ சரியாகவே காட்டும். வண்டி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். இரு முனையிலும் கனம் இருந்தால், ஒரு முறை அசையத் தொடங்கிய கேரவனை நிறுத்துவது கடினம். இந்த விளைவு அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது: 2 மீட்டர் தள்ளி வைத்த பொருள், 1 மீட்டரில் வைத்த அதே பொருளைவிட நான்கு மடங்கு தொல்லை தரும். ஆகவே பேட்டரி, தண்ணீர், அரிசி, பாத்திரம் போன்ற கனமானவை அனைத்தும் அச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக, இடம் வலம் சமமாக, நகராதபடி பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். மெத்தை, துணி, தலையணை போன்றவை முனைகளுக்கும் மேல் அலமாரிகளுக்கும் போகட்டும். நான் சொன்ன வண்டியில் பேட்டரி அச்சின் முன் ஓரத்துக்கு நகர்ந்தது, சைக்கிள்கள் காரின் கூரைக்குப் போயின, வேறெதையும் தொடவில்லை.

ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கருவிகளையும் ஸ்பிரிங் கம்பி வைத்த ஹிட்ச்சுகளையும் கேட்டு வருபவர்கள் உண்டு. சரியாகப் பாரம் ஏற்றிய வண்டிக்கு அவை கூடுதல் காப்பு. தவறாக ஏற்றிய வண்டியில், ஆட்டம் தொடங்கும் வேகத்தைச் சற்றுத் தள்ளிப்போடுவதற்கு மேல் அவற்றால் எதுவும் ஆகாது.

முன்பாரத்தை அளக்க வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசு போதும். கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, பயணத்துக்குரிய எல்லாப் பொருளும் உள்ளே இருக்கும் நிலையில், இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தராசின் மேல் ஒரு பலகையைப் போட்டு, காரில் மாட்டும்போது கப்ளர் (ஹிட்ச் பந்தைக் கவ்வும் கேரவனின் முனை) இருக்கும் உயரத்துக்கே வரும்படி அறுத்த கட்டையை அதன்மேல் நிறுத்தி, கப்ளரை மெதுவாக அதில் இறக்கி, மூக்கைத் தாங்கும் சிறு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், தராசு காட்டுவதே முன்பாரம். அளக்கும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. மொத்த எடைக்கு ஒசூர் சாலை நெடுகிலும் உள்ள எடை மேடைகள் உதவும். ஆனால் லாரிகளுக்கான அந்த மேடைகள் 5 அல்லது 10 கிலோ படிகளில் காட்டுவதால், முன்பாரத்தை அங்கே நம்ப வேண்டாம். மொத்த எடை காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது புதியவர்களுக்குப் பிரிட்டனில் சொல்லப்படும் அறிவுரை. இங்கும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. இதோடு ஒரு சட்டக் குறிப்பு: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனமே.

முன்பாரம் அதிகமானாலும் ஆபத்துதான். ஹிட்ச் பந்து காரின் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, காரின் இரு அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர் என்று கொண்டால், பந்தின் மேல் 60 கிலோ அமரும்போது பின் அச்சு 84 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. முன் அச்சில் 24 கிலோ குறைகிறது. டிக்கியும் நிறைந்து, பின் இருக்கையில் மூவரும் அமர்ந்தால், திசை திருப்பும் முன் சக்கரங்களின் பிடிப்பு மேலும் குறையும். ஹெட்லைட் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். "பின்னாடி உட்காருது, ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டுக் குடுங்க" என்பார்கள். பட்டை போட்டால் பின்புறம் உயரும், ஆனால் முன் சக்கரத்தின் கனம் திரும்பி வராது. எஸ்யூவிகளில் இன்னொரு சிக்கல், ஹிட்ச் மிக உயரத்தில் இருப்பது. மூக்குத் தூக்கியபடி கேரவன் ஓடக் கூடாது; சமமாகவோ, மயிரிழை அளவு மூக்குத் தாழ்ந்தோ இருக்கும்படி பந்தின் உயரத்தைக் குறைத்துப் பொருத்த வேண்டும்.

பெங்களூரிலிருந்து தெற்கே இறங்குவோர் தொப்பூர் கணவாயை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கி நீளும் அந்தச் சரிவில் கேரவன் காரைப் பின்னாலிருந்து தள்ளும். சமதளத்தில் தெரியாத ஆட்டம் அங்கே தெரியும். சரிவு தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக உறுதியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிப்பதும், காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகம் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் வண்டியை மடக்கிப்போட்டுவிடும். கேரவனின் பிரேக்கைத் தனியே இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்கலாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டி பாதி நிறைந்திருந்தால் 30 கிலோ உள்ளே அலைபாய்கிறது என்று பொருள். காலியாகக் கிளம்பி, தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்வதே சரி. திரும்பும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது: பின்புறத்தில் உள்ள கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருக்கும், மூக்குப் பெட்டியில் சிலிண்டர் பாதி தீர்ந்திருக்கும், ஊரில் அம்மா கட்டிக்கொடுத்த 25 கிலோ அரிசி மூட்டையும் தேங்காய் மூட்டையும், கதவு பின்பக்கம் இருப்பதால் அங்கேயே இறங்கியிருக்கும். கழிவுநீரை உரிய இடத்தில் கொட்டி, மூட்டைகளை அச்சுக்கு மேலே இழுத்து வைத்து, தராசை ஊரிலும் ஒரு முறை கப்ளருக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.