ஃபிலமென்ட்: ஒளிரக் கூடாத இழை

ஃபிலமென்ட் என்றதும் குண்டு பல்புக்குள் பழுத்து எரியும் கம்பிச் சுருள்தான் கண்ணில் வரும். அந்த நினைப்போடு வெற்றிட ஒளிர்வுக் குழலில், அதாவது எண்களை ஒளிரச் செய்து காட்டும் கண்ணாடிக் குழலில், கடிகாரம் செய்ய உட்கார்ந்தால் குழல் பாழாகும்.

இலத்தீனில் ஃபீலும் என்றால் நூல். ஃபிலமென்ட் அதன் வழி வந்தது. 1879இல் எடிசன் விளக்கில் எரியவிட்டது கரியாக்கிய பருத்தித் தையல்நூலையே. கரி போய் டங்ஸ்டன் வந்த பிறகும் பெயர் நூலாகவே நின்றுவிட்டது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் இழை. பாடநூல்கள் மின்னிழை என்கின்றன. மலைபடுகடாம் ‘இழைமருங்கு அறியா நுழைநூற் கலிங்கம்’ என்கிறது: இழை ஓடும் தடம் கண்ணுக்கே புலப்படாத நுண்ணிய ஆடை. இந்தக் குழலின் இழைக்கும் அதுதான் இலக்கணம்.

சோவியத் காலத்து ஐவி-11 குழலைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். எண் வடிவத்துக்கு முன்னால் மயிரினும் மெல்லிய கம்பி ஓடும். டங்ஸ்டன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் ஆக்சைடுகளின் பூச்சு. சுமார் 600 டிகிரி செல்சியஸ் வந்தாலே அது எலெக்ட்ரான்களை உமிழத் தொடங்கிவிடும். 25 வோல்ட் அளவில் இருக்கும் நேர்மின்வாய் அவற்றை இழுக்க, அதன்மேல் பூசிய பாஸ்பர், அதாவது எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொருள், நீலப்பச்சையாக ஒளிரும். ஒளிர வேண்டியது எண். விளக்கை அணைத்த அறையில் இழை ஆரஞ்சாகத் தெரிந்தால் மின்னழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள், பூச்சு ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

சிலர் இதைச் சூடேற்றி என்று எழுதுகிறார்கள். பல ரேடியோ வால்வுகளுக்கு அது சரி. அங்கே சூடேற்றி வேறு, எதிர்மின்வாய் வேறு. இங்கே இழையே எதிர்மின்வாய். அதனால் இதை உமிழிழை என்று சொல்வதே எனக்குப் பிடிக்கிறது. அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும், எரியும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஐவி-11க்கு வேண்டியது 1.5 வோல்ட், ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர். கடிகாரப் பலகையில் இருப்பதோ 5 வோல்ட். நேரே கொடுத்தால் இழை அறுந்துபோகும். மீதி 3.5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) தாங்க வேண்டும்: 3.5ஐ 0.1ஆல் வகுத்தால் 35 ஓம். நான் 39 ஓம் போடுவேன். மின்னோட்டம் கொஞ்சம் குறைவாக ஓடுவதே நல்லது. அதில் மூன்றில் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வெப்பமாகும், கால் வாட் ரெசிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு வாட் போடுங்கள். குழலுக்கு ஒன்றாகத் தனித்தனியே போடுங்கள். நாலு குழலுக்கும் பொதுவாக ஒன்றே இருந்தால், ஒரு குழலின் இழை அறுந்ததும் அதன் பங்கு மின்னோட்டமும் மற்ற மூன்றின் மேல் ஏறும்.

முடித்ததும் குழலின் கால்களிலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரத்தில் ஓட்டினால் சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அங்கே ஆர்எம்எஸ் மதிப்பை, அதாவது இழையை உண்மையில் சூடேற்றும் அளவை, அளக்கும் மீட்டர் வேண்டும்.

ஐவி-18 போன்ற நீண்ட குழல்களில் இழைக்கே 5 வோல்ட். நேர்மின்சாரம் கொடுத்தால் ஒரு முனை எண் பளிச்சென்றும் மறுமுனை மங்கலாகவும் தெரியலாம். அங்கே மாறுமின்சாரம் கொடுத்து, டிரான்ஸ்பார்மர் கம்பிச்சுருளின் நடுப்புள்ளியிலிருந்து இணைப்பை எடுக்கிறார்கள்.