எடையே இல்லாத கப்பலுக்கு ஒரு கொட்டகை

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் ஒரு கொட்டகை நிற்கிறது. நீளம் 345 மீட்டர், அகலம் 94 மீட்டர், உயரம் 60 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சில நாள்களில் கூரையை ஒட்டி உள்ளேயே மூடுபனி கட்டும். மொஃபெட் ஃபீல்ட் என்ற பழைய கடற்படை விமானத் தளத்தின் முதல் கொட்டகை இது. சுற்றுவட்டார மக்கள் 4,80,000 டாலர் திரட்டி, ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதைக் கடற்படைக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். 1933 ஏப்ரலில் தளம் திறக்கப்பட்டது. இத்தனையும் மேக்கன் என்ற, வாயுவால் வானில் மிதக்கும் ஒற்றை வான்கப்பலுக்காக.

யானையைக் கட்டித் தீனி போடுவது கடினம் என்பார்கள். யானையாவது கட்டிய இடத்தில் நிற்கும்.

மேக்கனின் நீளம் 239 மீட்டர். அதன் வயிற்றில் 1.84 லட்சம் கன மீட்டர் ஹீலியம் பிடிக்கும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதே அளவு ஹீலியத்தின் எடை 0.2 கிலோவுக்கும் குறைவு. வித்தியாசமான ஒரு கிலோதான் தூக்கும் விசை. ஆக, 180 டன்னுக்கும் மேல் தூக்கலாம். சட்டகம், இன்ஜின்கள், எரிபொருள், மாலுமிகள், வயிற்றுக்குள் தொங்கும் சிறு போர் விமானங்கள் எல்லாம் சேர்ந்து அந்த அளவை எட்டும்போது, கப்பல் மேலேயும் போகாது, கீழேயும் வராது. தராசில் வைத்தால் முள் அசையாது.

ஆனால் எடை போனாலும் நிறை போகவில்லை. நூற்றுக்கணக்கான டன் பொருள் அங்கேதான் இருக்கிறது. தள்ளினால் மெல்லத்தான் நகரும். நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது இன்னும் கடினம். தரையோடு உராய்வும் இல்லை. பக்கவாட்டில் காற்று அடித்தால், உடல் முழுவதும் பாய்மரம்போல் அதை வாங்கிக்கொள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், தரையில் அழுந்தவே செய்யாத ஒரு பொருளின் கதி என்ன?

மேக்கனின் மூத்த சகோதரியான அக்ரான் இதை 1932 மே மாதம் சான் டியேகோ அருகே காட்டியது. நாட்டின் குறுக்கே பறந்து வந்ததில் ஏறத்தாழ 36 டன் எரிபொருள் தீர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, வெயிலில் ஹீலியம் சூடேறி விரிந்து தூக்கும் விசை கூடிவிட்டது. தரையில் கயிறு பிடித்து நின்றவர்களையும் இழுத்துக்கொண்டு கப்பல் எழும்பியது. மூன்று மாலுமிகள் கயிற்றோடு உயரே போனார்கள். இருவர் விழுந்து இறந்தார்கள். மூன்றாமவர் கயிற்றில் தன்னைப் பிணைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து மேலே இழுக்கப்பட்டுப் பிழைத்தார்.

மொஃபெட் கொட்டகையின் வடிவத்தை இதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வான்கப்பல்கள் கட்டிய ஜெர்மனியின் செப்பெலின் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் கார்ல் ஆர்ன்ஸ்டைன் இதை வடிவமைத்தார். தட்டையான பெரிய கதவுகளைத் திறந்தால், அவற்றின் விளிம்பில் மோதும் காற்று சுழலாக மாறும். வாசலில் பாதி நுழைந்த கப்பலின் வால் அந்தச் சுழலில் மாட்டும். ஆகவே ஆரஞ்சுத் தோலை உரித்தாற்போன்ற வளைந்த கதவுகளை வைத்தார். ஒவ்வொன்றும் 200 டன். 150 குதிரைத்திறன் மோட்டார் தண்டவாளத்தில் நகர்த்தும். திறக்கும்போது கதவு கொட்டகையின் பக்கத்தை ஒட்டியே ஒதுங்கிவிடும், காற்றுக்குப் பிடி கிடைக்காது. கப்பலின் மூக்கைப் பிடித்திருக்கும் கம்பமும் தண்டவாளத்தில் ஓடியது. மனிதக் கைகளை நம்பிய காலம் போதும் என்று கடற்படை முடிவு செய்திருந்தது.

எரிபொருள் தீரத் தீரக் கப்பல் லேசாகும் சிக்கலுக்கு வந்த தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹைட்ரஜன் நிரப்பிய கப்பல் என்றால் கொஞ்சம் வாயுவை வெளியே விட்டுவிடலாம், மலிவான சரக்கு. ஹீலியமோ அரிது, விலையும் அதிகம். அதை வெளியே விட யாருக்கும் மனம் வராது. மாற்று வழி வேதியியலில் கிடைத்தது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராவியாகிறது. ஆக்சிஜனின் எடையும் கூடுவதால், ஒரு கிலோ பெட்ரோலிலிருந்து ஏறத்தாழ 1.4 கிலோ தண்ணீர் பிறக்கும். எரித்ததைவிடக் கிடைப்பது அதிகம்! புகையைக் குளிர்வித்து அந்த நீரில் பெரும்பங்கைப் பிடித்துவிட்டால், தீர்ந்த எரிபொருளின் எடையைத் தண்ணீரால் ஈடுகட்டலாம். மேக்கனின் பழைய படங்களில், ஒவ்வொரு சுழல்விசிறிக்கும் மேலே உடலில் செங்குத்தாகக் கறுப்புப் பட்டை தெரியும். அலங்காரம் அல்ல, புகையைக் குளிர்விக்கும் தகடுகள் அவை.

இவ்வளவு செய்தும் கொட்டகையில் மேக்கன் குடியிருந்தது 16 மாதங்கள்தான். தளம் திறப்பதற்கு எட்டு நாள் முன்பு அக்ரான் அட்லாண்டிக்கில் விழுந்து 73 பேர் இறந்திருந்தார்கள். வான்கப்பல்களுக்காகவே வாதாடிய ரியர் அட்மிரல் வில்லியம் மொஃபெட் அவர்களில் ஒருவர். தளத்துக்கு நிலைத்தது அவர் பெயர். மேக்கனோ 1934இல் டெக்சாஸ் மலைகளின் மேல் கொந்தளிப்பில் சிக்கி, வால்பகுதிச் சட்டகம் ஒடிந்தது. பழுதுபார்த்தார்கள், ஆனால் வாலின் மேல்பக்கத் துடுப்பருகே செய்ய வேண்டிய வேலையை மட்டும் தள்ளிப்போட்டார்கள். 1935 பிப்ரவரி 12 அன்று, கலிபோர்னியக் கடற்கரையின் பாயின்ட் சூர் அருகே அடித்த காற்றில் அதே துடுப்பு பிய்ந்து, பின்னாலிருந்த வாயுப் பைகளைக் கிழித்தது.

வால் தாழ்ந்தது. பதறிய மாலுமிகள் பாரத்துக்கென வைத்திருந்த தண்ணீரையும் எரிபொருளையும் கொட்டினார்கள், தேவைக்கு மேல் கொட்டிவிட்டார்கள். கப்பல் விர்ரென்று 1,400 மீட்டரையும் தாண்டி ஏறியது. உயரே காற்றழுத்தம் குறையும், ஹீலியம் விரியும், பை வெடிக்காமல் இருக்கத் தானியங்கி வால்வுகள் திறந்து வாயுவை வெளியேற்றும். அப்படித்தான் ஆனது. கிழிந்த பைகளில் போனதைவிட, அந்த ஏற்றத்தில் போனதுதான் கப்பலை முடித்தது. மெல்லக் கடலில் இறங்கியது. அக்ரானில் இல்லாத உயிர்காப்பு உடைகளும் போதிய மிதவைகளும் இதில் இருந்ததால், 83 பேரில் 81 பேர் பிழைத்தார்கள்.

அதன்பின் தளம் ராணுவத்துக்குப் போய், 1942இல் கடற்படைக்கே திரும்பியது. நீர்மூழ்கிகளைத் தேடும் சிறிய வான்கப்பல்கள் வந்தன. எஃகு தட்டுப்பாட்டால் அவற்றுக்கு மரத்திலேயே இரு பெரிய கொட்டகைகள் கட்டினார்கள். பிறகு ஓரியன் ரோந்து விமானங்கள். 1994இல் நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் கொட்டகையின் மேல்தகடுகளில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருந்ததால், 2012க்குள் அத்தனையையும் உரித்தார்கள். எலும்புக்கூடு மட்டும் நின்றது. 2014இல் கூகுளின் துணை நிறுவனம் 60 ஆண்டுகளுக்கு, 116 கோடி டாலருக்குத் தளத்தைக் குத்தகைக்கு எடுத்தது.

2024 அக்டோபரில் மொஃபெட்டிலிருந்து மறுபடியும் ஒரு வான்கப்பல் வானேறியது. பெயர் பாத்ஃபைண்டர் 1. நீளம் 124 மீட்டர், மேக்கனில் ஏறத்தாழ பாதி. உள்ளே அதே ஹீலியம்தான்.