மூண்டு பந்தும் சுருங்கிற சுவாசப்பையும்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லு ஒப்பரேசன் முடிஞ்ச அடுத்த நாள் நேர்ஸ் மிஸ்ஸி ஒரு பிளாஸ்ரிக் சாமான் கொண்டந்து குடுத்தா, மூண்டு குழாய்க்குள்ள மூண்டு பந்து, பக்கத்தில ஒரு ரியூப். அம்மா அதை வாயில வைச்சு அடுப்பூதுற மாதிரி ஊத ஒரு பந்தும் அசையேல்ல. "அம்மா ஊதாதேங்கோ, இளநி குடிக்கிற மாதிரி உள்ள இழுங்கோ" எண்டா மிஸ்ஸி. வெட்டினது வயித்தில, சுவாசப்பைக்கு ஏன் உந்தப் பயிற்சி எண்டு அம்மா என்னைக் கேட்டா. நியாயமான கேள்விதான்.

நாங்கள் மூச்சை வெளிய விட்டாலும் சுவாசப்பை வெறுமையாகிறேல்ல. நிக்கிற ஆளுக்கு மூண்டு லீற்றர் அளவில காத்து உள்ள மிஞ்சிக் கிடக்கும். வீட்டுத் தண்ணி டாங்கியை நினைச்சுக்கொள்ளுங்கோ, கரண்ட் போய் மோட்டர் ஓடாட்டிலும் டாங்கியில கிடக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். மல்லாக்கப் படுத்தவுடன வயித்துச் சாமானெல்லாம் நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசையான பிரிமென்றகட்டை மேல தள்ள, இந்த டாங்கியில ஒரு லீற்றர் கிட்டப் போயிடும். பேந்து மயக்க மருந்து ஏற, நெஞ்சுக்கூட்டை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்த தசையள் தளர்ந்து இன்னும் அரை லீற்றர் போகும். தசையைத் தளர்த்திற ஊசி தனியப் போடாட்டிலும் இது நடக்கும். கெற்றமைன் எண்ட மருந்தில மட்டும் அவ்வளவு இல்லை.

மயக்கிறதுக்கு முதல் முகத்தில ஒரு மாஸ்க் வைப்பினம், கனபேர் அதுதான் மயக்க மருந்து எண்டு பயந்து மூச்சை அடக்குவினம். பெரும்பாலும் அது சும்மா ஒட்சிசன். நிமிசத்துக்கு 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் உடம்புக்கு வேணும், சாதாரணக் காத்து நிரம்பின டாங்கியில அரை லீற்றர் ஒட்சிசன் கூட வராது, மூச்சு நிண்டால் ஒண்டு ரெண்டு நிமிசம்தான். டாங்கியை முழுக்க ஒட்சிசனால நிரப்பிவிட்டா சுகதேகிக்கு ஏழெட்டு நிமிசம் மட்டும் தாங்கும், அந்த நேரத்துக்குள்ள தொண்டைக்குள்ள ரியூப்பைப் போட்டிடலாம். உடம்பு பருத்த ஆக்களுக்கு டாங்கி சின்னன், நேரமும் குறைவு.

ஆனா அந்த ஒட்சிசனிலயே ஒரு சிக்கல் இருக்கு. காத்தில முக்கால்வாசிக்கு மேல நைதரசன், அது இரத்தத்துக்குள்ள லேசில போகாது, சுவாசப்பையில இருக்கிற சின்னக் காத்துப் பையளான சிற்றறையளுக்குள்ள முட்டுக்கொடுத்த தடி மாதிரி நிண்டு அதுகளை விரிச்சு வைச்சிருக்கும். வெறும் ஒட்சிசன் எண்டா இரத்தம் முழுக்க உறிஞ்சிப்போடும், சின்ன மூச்சுக்குழாயள் ஏற்கனவே சுருங்கி அடைபட்ட இடத்தில சிற்றறை ஈரமான பொலித்தீன் பை மாதிரி ஒட்டிப்போகும். 1985ல சுவீடன்காரர் மயக்கத்தில இருந்த ஆக்களைச் சீரி (CT) ஸ்கானுக்குள்ள வைச்சுப் பாத்தவை, மயங்கி அஞ்சு நிமிசத்துக்குள்ள முதுகுப் பக்கத்தில அடர்த்தியான பட்டையள் தெரிஞ்சிருக்கு, அதுதான் ஒட்டின இடம். பத்தில ஒன்பது பேருக்கு இது வருமாம்.

ஒட்டின இடத்தால போற இரத்தம் ஒட்சிசன் ஏத்தாமலே திரும்பி இருதயத்துக்கு வந்து நல்ல இரத்தத்தோட கலந்திடும். சாதாரணமா, காத்து வராத இடத்தில இரத்தக் குழாயள் தாங்களாவே சுருங்கி இரத்தத்தை வேற பக்கம் திருப்பிவிடும், கெட்டிக்கார ஏற்பாடு. மூச்சால குடுக்கிற மயக்க வாயுக்கள் அந்தக் கெட்டித்தனத்தையும் மழுங்கடிச்சுப்போடும். அதாலதான் முழிப்பில காத்தில இருக்கிற 21 வீதமே காணுமா இருந்த ஒட்சிசனை மயக்கத்தில 30, 40 வீதமாக் கூட்டுறது.

மயக்க டொக்டர் இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறேல்ல. மூச்சு வெளிய வந்து முடியிற நேரத்திலயும் கொஞ்ச அமுக்கத்தை உள்ள மிச்சம் விடுவினம், தேவைப்பட்டா ரியூப்பால சுவாசப்பைக்குள்ள ஒருக்கா பெருசா ஊதி ஒட்டினதைத் திறப்பினம். முதல் ஊதலுக்குத்தான் பலூன் முரண்டு பிடிக்கிறது, அது போல இதுக்கும் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் தண்ணி உயரத்துக்குச் சமனான அமுக்கம் வேணும்.

ஒப்பரேசன் முடிஞ்சும் ஒட்டினது கொஞ்சம் மிஞ்சும், மேல் வயித்தில நோ இருக்கிற ஆக்கள் ஆழமா இழுக்கவும் மாட்டினம், சளி தேங்கும், அதில கிருமி பிடிச்சாக் காய்ச்சலும் வரும். நாங்களா ஊதினால் காத்து வெளியதான் போகும், ஒட்டின பை திறபடுறது உள்ள இழுத்தாத்தான். அந்தப் பந்துச் சாமான்தான் மருந்து எண்டும் சொல்லேலாது, என்னைக் கேட்டா எழும்பி நிமிந்து இருக்கிறதும் நடக்கிறதும்தான் பெரிசு, படுக்கையில போன அந்த லீற்றர் காத்து அப்பதான் திரும்ப வரும். அம்மாவைக் கதிரையில இருத்திப்போட்டு இழுக்கச் சொன்னன், ரெண்டு பந்து எழும்பிச்சுது. மூண்டாவது கடைசி மட்டும் அசையேல்ல, அது பழுதான பந்து எண்டுதான் இண்டைக்கும் சொல்லுறா.