உரத்தொட்டி ஏன் நாறுகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “சமையலறைக் கழிவை உரமாக்க பால்கனியில் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி போட்டேன், புளித்த மோர் ஊற்றினேன், வெல்லக் கரைசலும் தெளித்தேன். நாற்றம் குறையவில்லை. மேல்வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். இன்னும் எந்த நுண்ணுயிரைச் சேர்க்க வேண்டும்?”

எதையும் சேர்க்க வேண்டாம். கத்தரிக்காய்க் காம்பிலும் கீரைத் தண்டிலும் வாழைப்பழத் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவற்றுக்குக் குறைவது காற்று. மோரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றினால் தொட்டியில் நீரும் சர்க்கரையும் கூடும். சர்க்கரை கூடினால் ஆக்சிஜன் தேவை ஏறும்; நீர் கூடினால் ஆக்சிஜன் வரும் வழி அடைபடும். நாற்றத்தை வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

காற்றுள்ள இடத்தில் வாழ்பவை, காற்றில்லாத இடத்தில் வாழ்பவை என நுண்ணுயிர்களில் இரு வகை உண்டு என்பது பள்ளிப் பாடம். ஒரு மோல் (180 கிராம்) குளுக்கோஸ் ஆக்சிஜனோடு முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 2,800 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படும். அதே குளுக்கோஸ் காற்றில்லாமல் மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைந்தால் வெப்பமாக வெளிப்படுவது சுமார் 130 கிலோ ஜூல்தான். மிச்சம் மீத்தேனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நன்றாக நடக்கும் உரக்குவியல் சூடாக இருப்பதற்கும், கெட்டுப்போனது குளிர்ந்து கிடப்பதற்கும் காரணம் இந்த வித்தியாசம். தொட்டிக்குள் கைவிட்டு வெதுவெதுப்பாக உணர்ந்தால் காற்று போகிறது என்று அர்த்தம்.

இனி ஆக்சிஜனின் பயணத்தைப் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்வது ஏழரை மில்லிகிராம். அளவு குறைவு என்பதோடு வேகமும் குறைவு: காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. கழிவுத் துண்டுகளுக்கு இடையே உள்ள இடுக்கில் காற்று இருந்தால் தொட்டியின் நடுவரை ஆக்சிஜன் எட்டும். அந்த இடுக்கில் நீர் நிறைந்துவிட்டால், வெளியே எவ்வளவு காற்றடித்தாலும் உள்ளே பயனில்லை.

நல்ல தொட்டியில்கூட எல்லா இடத்துக்கும் காற்று போவதில்லை என்பதுதான் இதில் அழகான செய்தி. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பூசணித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் ஈரப் படலம், அதில் பாக்டீரியா. வெளியிலிருந்து வரும் ஆக்சிஜனை அவை உடனுக்குடன் தின்றுவிடுவதால், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே அது தீர்ந்துபோகிறது. அதற்கு உள்ளே முழுக்கக் காற்றில்லா உலகம். அங்கே நொதித்தல் நடக்கிறது: அசிட்டிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெயின் வீச்சம் கொண்ட பியூட்டிரிக் அமிலம், அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சம் மீத்தேன். பக்கத்து வீட்டைச் சண்டைக்கு இழுக்கும் அத்தனை பொருளும் ஒவ்வொரு துண்டின் வயிற்றிலும் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் அவை வெளியேறும் வழி அந்த ஈரத் தோல் வழியாகத்தான். ஆக்சிஜனோடு அங்கே உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு இவையெல்லாம் உணவு. பியூட்டிரிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக்கி விடுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடைச் சல்பேட்டாக மாற்றுகின்றன. மீத்தேனை மட்டுமே தின்று வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. நாறாத தொட்டியிலும் நாற்றம் பிறக்கிறது. பிறந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி அது தின்னப்பட்டுவிடுகிறது. கழிவுநீர் நிலையங்களில் துர்நாற்றக் காற்றை ஈரமான மரச்சில்லும் மட்கு உரமும் நிரப்பிய படுக்கை வழியாகச் செலுத்திச் சுத்திகரிப்பதும் இதே முறையில்தான். பல லட்சம் ரூபாய் செலவில் அங்கே கட்டுவதை ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் நம் தொட்டியின் மேலேயும் அமைத்துக்கொள்ள முடியும்.

கழிவைப் போட்டதும் காய்ந்த சருகால் மூடச் சொல்வார்கள். சருகு ஈயைத் தடுக்கும், மேல் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் நாற்றத்தைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஈரப் படலம் வேண்டும், மொரமொரப்பான சருகில் அது இல்லை. பாதி நொறுக்கிய சருகு, பாதி ஏற்கெனவே மட்கிய உரம் கலந்து, லேசான ஈரத்தோடு மூடினால் அந்த மூடியே வடிகட்டியாக வேலை செய்யும். முதன்முறை தொடங்குபவர்கள் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி பழைய உரம் கேட்டு வாங்கலாம்; மரத்தடி மேல்மண்ணும் போதும். பொடி வாங்கும் பணம் மிச்சம்.

சருகு எவ்வளவு சேர்க்க வேண்டும்? கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 25 முதல் 30 வரை இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காய்கறிக் கழிவில் 820 கிராம் நீர், 180 கிராம் உலர்பொருள் என்று கொள்வோம். உலர்பொருளில் 81 கிராம் கார்பன்; விகிதம் 16 என்றால் நைட்ரஜன் சுமார் 5 கிராம். சருகின் விகிதம் 60, ஈரம் பத்து சதவீதம் என்றால், 200 கிராம் சருகு சேர்த்தவுடன் கலவையின் விகிதம் 25 ஆகிவிடும். ஆக, கார்பன் கணக்குக்கு 200 கிராம் போதும். ஆனால் அந்தக் கலவையின் ஈரம் 70 சதவீதம். மட்குவதற்கு ஏற்ற ஈரம் 50 முதல் 60. சருகை 400 கிராமாக்கினால்தான் ஈரம் 61-க்கு இறங்குகிறது. விகிதமும் 31 என்று ஏறத்தாழ சரியான இடத்திலேயே நிற்கிறது. சருகின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது நீர். விகிதத்தை மட்டும் பார்த்துச் சருகு போடுகிறவர்களின் தொட்டி நாறுவது இதனால்தான்.

கழிவை வடிதட்டில் போட்டு இரவு முழுக்க நீர் வடியவிட்டால் 300 கிராம் சருகே போதுமானதாகும். தராசு வேண்டாம் என்பவர்கள் ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு என்று அளந்துகொள்ளலாம். சரிபார்க்க, கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்து போனால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. புங்கன், தூங்குமூஞ்சி இரண்டும் பயறு இனத்து மரங்கள். இலை மெல்லியது, விரைவில் மட்கும். மா இலையின் மெழுகுப் பூச்சும் தடிப்பும் மட்குவதைத் தாமதப்படுத்தும். சாக்கில் போட்டு மிதித்து நொறுக்க வேண்டும். வாதாம் இலையை முழுசாகப் போட்டால் நனைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். செய்தித்தாளும் அப்படித்தான்: விரித்துப் போடாமல் கிழித்துக் கசக்கிப் போட வேண்டும். நகரத்தில் பலரும் நம்பியிருக்கும் தென்னைநார்த் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், அந்த வகையில் உதவும். ஆனால் அது மாவுபோல் மெல்லியது, இடுக்குகளை உண்டாக்காது. நார்த்தூள் மட்டுமே போட்ட தொட்டி ஒரு மாதத்தில் களிமண்போல் இறுகிப்போவதுண்டு. தேங்காய் மட்டைத் துண்டு, முருங்கைக் காம்பு, மக்காச்சோளச் சக்கை, பொங்கல் முடிந்த கரும்புச் சக்கை போன்றவற்றை விரல் நீளத்துக்கு வெட்டி இடையிடையே சேர்த்தால் எலும்புக்கூடு மாதிரி நின்று இடுக்கைக் காக்கும்.

தொட்டி எப்படி இருக்க வேண்டும்? நால்வர் உள்ள வீட்டுக்கு 40–50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று: ஒன்று நிறையும்போது மற்றவை மட்கிக்கொண்டிருக்கும். பக்கங்களில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளை. அடியிலும் துளை, கீழே கசிநீர்த் தட்டு. டிரம்மைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். நடுப்பகுதி சூடாகும்போது வெதுவெதுப்பான காற்று மேலே எழும், அந்த இடத்துக்கு அடித்துளை வழியாகப் புதுக் காற்று இழுபடும். அடியை அடைத்தால் இந்த இழுவை நின்றுவிடும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டைத் துண்டுகளைப் பரப்பினால் நீரும் தேங்காது, காற்றும் தடைபடாது.

வாரம் ஒருமுறை கிளறினால் போதும். கிளறும்போது நேரடியாக உள்ளே போகும் ஆக்சிஜன் சில மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கிளறலின் உண்மையான பயன், அமுங்கிய இடுக்குகள் மறுபடி திறப்பதும், ஓரத்தில் குளிர்ந்து கிடந்தவை நடுவுக்கு வருவதும்தான். 1920-களில் இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய உர முறையிலும் குவியலை அவ்வப்போது புரட்டிப்போடுவது கட்டாயம். கடப்பாரையால் காற்றுத்துளை போடுவதும் உண்டு. பெரிய குவியல் 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நிற்கும், நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். 50 லிட்டர் டிரம்மின் பரப்பு அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மிக அதிகம் என்பதால் சூடு தங்காது. ஆகவே நாய், பூனைக் கழிவும் நோய் தாக்கிய செடியும் வீட்டுத் தொட்டியில் போகக் கூடாது.

மூக்கே நல்ல கருவி. புளித்த, வாந்தி போன்ற வீச்சம் என்றால் நீர் மிகுதி, காற்றில்லை: சருகு சேர்த்துக் கிளறுங்கள். அழுகிய முட்டை என்றால் அடியில் கசிநீர் தேங்கியிருக்கிறது: துளையைக் குச்சியால் குத்தித் திறவுங்கள். கண்ணெரியும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுதி; பயறு, மீன் கழிவு, பசும்புல் அதிகமாகப் போயிருக்கும், சருகே மருந்து. சாதம் தனிச் சிக்கல்: ஒட்டிக் கட்டியாகி இடுக்கை அடைக்கும், மாவுச்சத்து வேகமாக உடைவதால் ஆக்சிஜனையும் காலி செய்யும். ஒரு கைப்பிடியைச் சருகோடு பிசறிப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஊறுகாயும் குழம்பும் உப்பினால் ஆகாதவை.

சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பலர் தொட்டியையே தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். அந்த ஈ கடிக்காது. வீட்டு ஈயைப் போல நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. புழுக்கள் கழிவைப் பேய்வேகத்தில் தின்று, துளைத்துத் துளைத்துக் காற்றுக்கும் வழி செய்கின்றன. அவை பெருகினால் ஈரம் கூடுதல் என்பதற்கும் அடையாளம். விரட்ட நினைத்து வேப்பெண்ணெயோ பினாயிலோ ஊற்றுவது தவறு. பினாயில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

இந்த உழைப்பெல்லாம் ஒரு வீட்டுக் கழிவுக்கா என்று கேட்பவர்கள் சென்னையின் குப்பைக் கிடங்குகளான பெருங்குடியையும் கொடுங்கையூரையும் நினைக்க வேண்டும். நம் நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கும் கழிவு. அது பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவியும்போது, நடுவே காற்றில்லை, மேலே நாற்றத்தைத் தின்னும் ஈரத் தோலும் இல்லை. மீத்தேன் நேராக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. எரியும் வாயுவும்கூட: பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அந்தக் குப்பையைப் போட்டவர்கள் அல்லர். பிரிக்காமல் கட்டிக் கொடுக்கும் பையைத் தூய்மைப் பணியாளர் கைவிட்டுத்தான் பிரிக்கிறார், சாம்பாரில் நனைந்த அட்டைக்குப் பழைய பேப்பர் கடையில் விலை கிடையாது. ஈரக் கழிவு வீட்டோடு நின்றுவிட்டால் மீதிக் குப்பை உலர்ந்ததாக, விலையுள்ளதாக அவர்கள் கைக்குப் போகும்.

எரிஉலை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. கணக்கைப் பாருங்கள். 80 சதவீதம் நீருள்ள ஒரு கிலோ கழிவில் உலர்பொருள் 200 கிராம், அது எரிந்தால் ஏறத்தாழ 3.4 மெகா ஜூல். உடனிருக்கும் 800 கிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 2 மெகா ஜூலுக்கு மேல் போய்விடும். இந்த நீரைக் கொளுத்த ஒதுக்கும் பொதுப்பணத்தில் ஒரு பகுதியை வார்டுதோறும் உரக்கூடங்களுக்கும், அங்கே வேலை செய்பவர்களின் நல்ல சம்பளத்துக்கும் கையுறைக்கும் செலவிடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. தெருவில் பெருக்கிக் குவித்துக் கொளுத்தும் சருகையும் சாக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டிய கார்பன் அங்கேதான் புகையாகிக்கொண்டிருக்கிறது.

நிறைந்த தொட்டியை மூடி இரண்டு மூன்று மாதம் விட்டுவையுங்கள். சூடு தணிந்ததும் சாம்பல் வெள்ளை இழைகளாக ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியாக்கள் படரும். முதல் மழை மண்வாசனையைத் தரும் ஜியோஸ்மின் என்ற பொருள் இவற்றின் தயாரிப்புதான். அந்த வாசனை வந்த பிறகும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஈர உரம் ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் முதிரவில்லை. அதைச் செடிக்குப் போட்டால் மட்கும் வேலை வேரடியில் தொடரும், நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வேரிடமிருந்து பிடுங்கும், செடி மஞ்சளாகும். வாடை இல்லையென்றால் சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து செடித் தொட்டியில் நிரப்பலாம். சலிக்கும்போது நிற்கும் மட்டைத் துண்டுகளை வீசாதீர்கள். பாக்டீரியா ஏறிய அந்தத் துண்டுகள் அடுத்த டிரம்மின் அடியில் போட ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே இரண்டு சாக்கு சருகை நனையாத இடத்தில் சேர்த்து வைத்துவிடுங்கள்; மழைக்காலத்தில் காய்ந்த சருகு எங்கும் கிடைக்காது, தொட்டிக்கு அது அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.