பின்சீற்காரருக்கும் பெல்ற்: வெள்ளவத்தைக் கலியாணத்துக்குப் போகமுன்

"முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேரும் போட்டால் காணும்தானே?" யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருக்கிற வீடுகளில் இன்னும் இந்தக் கேள்வி வருகிறது. 2011 இல் வந்த விதிப்படி அது சரிதான். சாரதியும் முன்சீற்றில் இருப்பவரும் கட்டாயம் ஆசனப் பட்டி அணிய வேண்டும் என்பதோடு அப்போது நின்றுவிட்டது.

2025 செப்டெம்பர் 1 முதல் அதிவேக நெடுஞ்சாலைகளில் நிலைமை வேறு. அங்கே பின்சீற்றில் இருப்பவர்கள் உட்பட வாகனத்தில் உள்ள எல்லோரும் பட்டி அணிய வேண்டும்.

வடக்கில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். வெள்ளவத்தையில் கலியாணம் என்று புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்புக்குப் போகிறவர் கட்டுநாயக்காவில் ஏறிப் பேலியகொடையில் இறங்கினால், இந்த விதி பிடிப்பது அந்த 25 கிலோமீற்றர் சொச்சத்தில்தான். அதற்கு முன்னால் ஓடிய முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில், மாடு குறுக்கே வரும், லைற் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரும், விடியப்புறம் சாரதிக்கு நித்திரை தூங்கும். என்னைக் கேட்டால் பின்சீற் பெல்ற் கூடுதலாகத் தேவைப்படுவது அங்கேதான். ஏறும்போதே போட்டுவிடுங்கள், கட்டுநாயக்கா வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போடப் பார்த்தால் பெல்ற்றைக் காணோம் என்பார்கள். இங்கே ஓடுகிற ரீகண்டிஷன் கார்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை. அந்த நாட்டில் பின்சீற் பெல்ற் 2008 இலேயே கட்டாயமாகிவிட்டது, ஆகவே பெல்ற் இல்லாமல் வந்திருக்காது. எங்கள் ஆட்கள் வாங்கின கிழமையே றெக்சின் கவர் தைத்துப் போட, கொழுவுகிற பூட்டு அடியில் புதைந்துபோகும். முதுகுப் பக்கமும் இருக்கையும் சேருகிற இடுக்கில் கையை விட்டுத் துழாவுங்கள். சில்லறைக் காசும் கச்சான் கோதும் முதலில் வரும், பிறகு பூட்டு வரும். கவரில் அந்த இடத்தை வெட்டித் தைப்பது தையல்காரருக்குச் சின்ன வேலை.

இன்னொன்று, ஜப்பான் வகன் ஆர் நாலு பேருக்கான வண்டி. பின்னால் இரண்டு பெல்ற்தான் இருக்கும். நடுவில் நெருக்கி இருத்தப்படும் மூன்றாவது ஆளுக்கு, அது எப்போதும் மெலிந்த சித்தியாகத்தான் இருக்கும், ஒன்றும் இல்லை.

பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன் என்பதும் நடவாத காரியம். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற கார் மோதி, பத்திலொரு செக்கனில் நின்றால், 10 கிலோ பிள்ளை ஏறக்குறைய 140 கிலோ பாரமாகி முன்னுக்கு இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அதே வேகத்தில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து, நல்ல பனையொன்றின் அரைவாசியிலிருந்து, விழுவதற்குச் சமன். பிள்ளைக்குரிய இருக்கையைப் பின்சீற்றில் பெல்ற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கையை, வேலைசெய்யும் எயார்பாக் உள்ள முன்சீற்றில் வைக்கவே கூடாது. வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் கீழ்ப்பட்டியை வயிற்றுக்கு மேலால் விடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு படியவிட வேண்டும்.

இனிச் சாமான். பிள்ளைக்குச் சொன்ன கணக்கு மாம்பழப் பெட்டிக்கும் பொருந்தும். கறுத்தக்கொழும்பான் பெட்டி, மிளகாய்த்தூள் போத்தல், பனங்கட்டிக் குட்டான் எல்லாம் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் அடுக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். சடன் பிரேக் போட்டால் அவை நேரே பின்சீற்காரரின் பிடரிக்குத்தான் வரும். பாரமானதை டிக்கியின் அடியில், சீற்றின் முதுகோடு ஒட்டி வையுங்கள். மடித்து நிமிர்த்துகிற சீற் என்றால் 'க்ளிக்' என்று கொழுவியதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்; கொழுவாவிட்டால் டிக்கிச் சாமான் முழுவதும் அந்த முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். தண்ணிப் போத்தலைக் கதவுப் பையில் செருகுங்கள். சாரதியின் காலடிக்கு உருண்டு, பிரேக்குக்குக் கீழே போய்ச் சிக்குவது அதுதான்.