கலப்பு தற்காப்புக் கலை இல்ல, கலப்புச் சண்டை

போன ஞாயித்துக்கெழம காலைல மார்த்தாண்டத்துல சித்தி வீட்டுல உக்காந்து யூஎஃப்சி பாத்துட்டு இருந்தோம், குத்து, எத்து, மல்லு எல்லாம் கலந்து கூண்டுக்குள்ள நடக்கிற சண்டைப் போட்டி. அமெரிக்கால சனிக்கெழம ராத்திரி நடக்கது நமக்கு கட்டஞ்சாயா குடிக்கிற நேரத்துக்குத்தான் வரும். எல்லாம் முடிஞ்ச பொறவு சித்தி மகள் போன்ல ஒரு தமிழ் வீடியோ போட்டா, சண்டையோட சுருக்கம், அதுல ஒரு குரல் சொல்லுது: "கலப்பு தற்காப்புக் கலை வீரர் தனது எதிரியை பின்புற நிர்வாண மூச்சுத்திணறல் மூலம் சமர்ப்பித்தார்." அடுக்களைல மரச்சீனி கெழங்கு வெட்டிட்டு இருந்த சித்தி வெளிய வந்து கேக்கியா, "யாருக்கு மக்கா மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்களா?" அவளுக்கு யாரு ஜெயிச்சா யாரு தோத்தான்னு கூட வெளங்கல. தமிழ்ல சொன்னத தமிழ் பேசுற ஒருத்திக்கு நான் மறுபடியும் தமிழ்ல சொல்லிக் கொடுக்க வேண்டி வந்துச்சு.

இந்த "கலப்பு தற்காப்புக் கலை" என்ற தொடர, அதாவது மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸுக்கு தமிழ்ல போடுற பேர, நான் ஆயிரம் வாட்டி கேட்டாச்சு. இனிமே முடியல, எழுதிரலாம்னு தோணிச்சு.

மொதல்ல இங்கிலீஷ் சொல்ல சட்டுனு பாத்துருவோம். மார்ஷியல்னா மார்ஸ், ரோமாக்காரங்களோட போர்க்கடவுள், அவரு பேர்ல இருந்து வந்தது, போர் சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம். மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் என்ற முழுத் தொடர், 1993 நவம்பர் 12ஆம் தேதி டென்வர்ல நடந்த முதல் யூஎஃப்சி பத்தி ஹோவர்ட் ரோசன்பர்க்னு ஒரு டிவி விமர்சகர் எழுதினதுலதான் முதல்ல பதிவாச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி பிரேசில்ல இதுக்கு வாலே டூடோன்னு பேரு, போர்ச்சுகீஸ்ல "எதுவும் செல்லும்"னு பொருள். இன்னும் பின்னால போனா கிரேக்கத்துல பாங்கிராஷன், "முழு வலிமை"ன்னு சொல்லலாம், கிமு 648லயே ஒலிம்பிக்ஸ்ல இருந்தது. இத்தன பேர்ல எதுலயாவது தன்னக் காத்துக்கிறதப் பத்தி ஒரு எழுத்து உண்டா?

இப்ப தற்காப்பு. தன் + காப்பு. "தற்காத்துத் தற்கொண்டாற் பேணி"ன்னு குறள்ல வர்ற அதே சொல்லு, நல்ல சொல்லு, அதுல எனக்கு ஒரு வழக்கும் இல்ல. எவனாவது நம்ம மேல வந்து விழுந்தா நம்ம உசிர நாமளே காப்பாத்துறது தற்காப்பு. சட்டத்துலயும் அப்படித்தான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 96லருந்து 106 வரைக்கும், இப்ப வந்த பாரதிய நியாய சன்ஹிதால 34லருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமையப் பத்திதான். அதுல முக்கியமான விஷயமே, ஆபத்த தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அடிக்கலாம், அதுக்கு மேல போனா நீதான் குத்தவாளி. கூண்டுக்குள்ள நடக்கிறது அதுக்கு நேர் எதிர். ரெண்டு பேரும் மாசக்கணக்கா பயிற்சி எடுத்து, ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு, முந்தின நாள் தராசுல ஏறி எடை காட்டி, நடுவர் முன்னாடி கையத் தொட்டுட்டு, ஒருத்தன ஒருத்தன் தோக்கடிக்கணும்னே போறான். யாரு யாருகிட்ட இருந்து தன்னக் காக்குறா இதுல? அங்க சும்மா தடுத்துட்டே நின்னவனுக்கு மார்க்கே கெடையாது.

மார்ஷியல் லாவ எல்லாரும் ராணுவச் சட்டம்னுதான் எழுதுறான், கோர்ட் மார்ஷியல ராணுவ நீதிமன்றம்னுதான் எழுதுறான். யாராவது தற்காப்புச் சட்டம், தற்காப்பு நீதிமன்றம்னு எழுதினா பத்திரிகை ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா? அதே மார்ஷியல் பக்கத்துல ஆர்ட்ஸ் வந்து ஒக்காந்த உடனே மட்டும் அது எப்படி தற்காப்பா மாறிச்சு? எனக்கு தெரிஞ்ச வரைக்கும் இது கராத்தே கிளாஸ் போர்டுலருந்து வந்ததுதான். அப்பா அம்மா பிள்ளைய அனுப்பணும்னா "சண்டை போட சொல்லித் தரோம்"னு எழுத முடியாது, "தற்காப்பு"ன்னா பொம்பளப் பிள்ளயக்கூட அனுப்புவாங்க. போர்டுக்கு அது சரி, யாவாரம். ஆனா போர்டுல இருந்தத எடுத்து அகராதில வச்சதுதான் தப்பு.

எங்க ஊர்லருந்து களியக்காவிளைக்கு பஸ் ஏறி அந்தப் பக்கம் எறங்கினா மலையாளப் பத்திரிகைல இதுக்கு ஆயோதன கலைன்னு போட்டிருக்கும். ஆயோதனம்னா போர், யுத்தம்னு வர்ற அதே வேர்தான். வடசொல்லுதான், நான் ஒத்துக்கிடுதேன், ஆனா பொருள் சரியா இருக்கு. கேரளாக்காரனுக்கு சரியா பட்டது 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டுப் பக்கம் வந்த நமக்கு ஏன் தப்பாகணும்? அதுவும் குமரி மாவட்டத்துல, அடிமுறையும் வர்மமும் சிலம்பமும் வீட்டுத் திண்ணை வரைக்கும் கெடந்த மண்ணுல?

இந்தத் தப்புனால என்ன நஷ்டம்னு கேப்பீங்க. எனக்க சித்தி மகளையே எடுத்துக்கோங்க. அவ காலேஜுக்கு பஸ்ல போயிட்டு வர்றதுல ஒரு தொந்தரவு, அதனால சித்தி ஒரு ஜிம்மு வாசல்ல "கலப்பு தற்காப்புக் கலை"ன்னு போர்டப் பாத்து சேத்து விட்டா. கைய முறுக்கினா எப்படி வெலகணும், எப்படி சத்தம் போட்டு ஓடணும்னு சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனச்சிருக்கா. மூணாவது நாளே பிள்ள கண்ணு வீங்கி வந்து நிக்கியா, ஸ்பாரிங்னு பயிற்சிச் சண்டைல முட்டி பட்டிருக்கு. சித்தி அழுத அழுகை! அந்த ஜிம்முல சொல்லிக் குடுத்ததுல தப்பில்ல, நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, ஆனா வாசல்ல எழுதின சொல்லு வேற, உள்ள நடந்தது வேற. அவ அதுக்கப்புறம் அங்க போறத விட்டுட்டா, பாக்குறத மட்டும் விடல, இப்ப என்னை விட அதிகம் சண்டைக்காரங்க பேரு அவளுக்குத்தான் தெரியும்.

எல்லாரும் இப்படி ஏதாவது ஒரு வாசல் வழியாத்தான் இதுக்குள்ள வர்றாங்க. எனக்க செட்டு ஆளுங்க டபிள்யூடபிள்யூஈ ட்ரம்ப் கார்டு வச்சு வெளையாடி, அது முன்னாடியே பேசி வச்சு நடத்துறதுன்னு தெரிஞ்சு மனசு ஒடஞ்சு, அப்ப நெசமா அடிக்கிறது எங்கன்னு தேடி வந்தவங்க. சில பேரு 2018 அக்டோபர்ல கபீப், மெக்ரெகர்னு ரெண்டு பெரிய ஆளுங்க மோதின சண்டை நேரம் வந்து ஒட்டிக்கிட்டவங்க. இப்பத்த பிள்ளைங்க ரீல்ஸ்ல ஒரு நாக்அவுட் பாத்துட்டு வரும். ஆனா வர்றது வேற, நிக்கிறது வேற. நின்னவங்க எல்லாருக்கும் தரைல நடக்கிறது புரிஞ்ச ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு அது பழைய வீடியோ ஒண்ணு, 1994 டிசம்பர்ல நாலாவது யூஎஃப்சி இறுதிச் சண்டை. ராய்ஸ் கிரேசி ஒல்லியா வெள்ளைச் சட்டைல கீழ மல்லாக்கக் கெடக்கான், மேல டேன் செவர்ன், பெரிய மல்யுத்தக்காரன், கிரேசிய விட எவ்வளவோ கனம். கால் மணி நேரத்துக்கு மேல கீழயே கெடக்கான், கதை முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா ரெண்டு காலும் மெதுவா மேல வருது, செவர்னோட கழுத்தும் ஒரு கையும் அந்தக் காலுக்குள்ள மாட்டுது, மேல இருக்கவன் தோத்தேன்னு தரையத் தட்டுறான். தோத்தவன் மேல இருக்கான், ஜெயிச்சவன் கீழ கெடக்கான். அத மூணு வாட்டி திருப்பித் திருப்பி பாத்தேன். அன்னைலருந்து நான் இதுல நிக்கேன்.

இத தமிழ்ல ஒருத்தனுக்கு சொல்லணும்னாத்தான் சொல்லு வேணும், அங்கதான் மொழிபெயர்க்கிறவங்க கைய விடுறாங்க. ரியர் நேக்கட் சோக் எடுங்க, பின்னால இருந்து கையக் கழுத்துல சுத்தி நெரிக்கிற பிடி, அந்த வீடியோல "பின்புற நிர்வாண மூச்சுத்திணறல்"னது இதத்தான். ஜூடோல இதுக்கு ஹடாகா ஜிமேன்னு பேரு, ஹடாகான்னா ஒண்ணும் போடாததுதான், ஆனா அங்க அர்த்தம் சட்டைக் காலரப் பிடிக்காம வெறுங்கையாலயே நெரிக்கிறது. நிர்வாணம் எங்க இருந்து வந்துது? பொம்பளப் பிள்ளைங்களோட சேந்து பாக்குற வீட்டுல அந்த சொல்ல எப்படி கேக்கிறது? அடுத்தது மூச்சுத்திணறல். அந்தப் பிடி சரியா விழுந்தா அமுங்குறது மூச்சுக்குழா இல்ல, கழுத்து ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போற நாளம். அதான் தட்டாதவன் கொஞ்ச நொடில கண்ணு சொருகிடுறான். அப்புறம் சமர்ப்பித்தார். மனு சமர்ப்பிக்கலாம், அறிக்கை சமர்ப்பிக்கலாம், எதிரிய எப்படி சமர்ப்பிக்க? சப்மிஷன்ங்கறது பணிய வைக்கிறது, அடிபணிஞ்சான்னு நம்மகிட்ட சொல்லு இல்லியா? யாரும் ஒரு சண்டையக் கூட பாக்காம, அகராதிய மட்டும் பாத்து எழுதுறாங்க, இல்லன்னா மிஷின்ல போட்டு எடுத்து அப்படியே வாசிக்கிறாங்க. சண்டை தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருவான்.

எங்க தெருவுல அடிமுறை படிச்ச ஒரு வயசான ஆசான் உண்டு. ஒரு நாள் அவருகிட்ட அதே பிடிய போன்ல காட்டி, "ஆசானே, இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"ன்னு கேட்டேன். கண்ணாடிய எடுத்து மாட்டி, போன தூரமா பிடிச்சு, ஒரு தடவ பாத்தாரு. "பூட்டிட்டான்லா மக்கா. கழுத்துப் பூட்டு. பிரிவு அறியாதவனுக்கு இனி ரட்சை இல்ல" அப்படின்னாரு. பூட்டு, பிரிவு, அவ்வளவுதான். போட்டது பூட்டு, அதுலருந்து வெளிய வர்றது பிரிவு. அவரு வாழ்க்கைல யூஎஃப்சி பாத்ததில்ல. பின்கழுத்துப் பூட்டுன்னு சொன்னா சித்திக்கும் வெளங்கும், செவர்ன் மாட்டினத முக்கோணப் பூட்டுன்னு சொல்லலாம், கையப் பிடிச்சு முறிக்கிறத கைப்பூட்டு. தோத்தவன் என்ன பண்ணினான்? தட்டிட்டான். இத எங்க பிள்ளைங்க ஏற்கனவே அப்படித்தான் சொல்லுது.

சரி, முழு வெளையாட்டுக்கு என்ன பேரு? எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன், தமிழ் மேல வெறி உள்ளவன், பன்முறைப் போர்ன்னு வைக்கலாம்னான். பன்முறைன்னா பல தடவைன்னும் அர்த்தம் வரும், பல தடவை நடந்த போர்ன்னு படிச்சிருவான்டேன்னு சொன்னேன். கலப்பு மற்போர்ன்னு இன்னொருத்தன். மல்லுன்னா கட்டிப்புரள்றது, குத்தும் எத்தும் அதுல வராது, மல்யுத்தத்தோட கொழம்பும். கலப்புப் போர்க்கலை, இது நேர்மையான மொழிபெயர்ப்பு, கட்டுரைல எழுதுறவங்க இத எழுதினா நான் கும்பிடுவேன். ஆனா பேசும்போது வாய்க்கு வராது. நான் சொல்றது கலப்புச் சண்டை. சண்டைன்னா குழாயடிச் சண்டை, வாய்ச்சண்டைன்னு கீழா நெனைக்காங்க, எனக்க அப்பாவும் "சண்டை பாக்கியால?"ன்னுதான் கேப்பாரு, அது எனக்கும் தெரியும். ஆனா சினிமா டைட்டில்ல சண்டைப் பயிற்சின்னு போடும்போது யாரும் மூஞ்சி சுளிக்கல. கேட்ட உடனே கண்ணு முன்னாடி ரெண்டு பேரு நிக்கணும், அது சண்டைங்கற சொல்லுல நிக்குது, தற்காப்புல ஒருத்தன்தான் நிக்கான்.

பழைய தமிழ்ல இதுக்கு இடமில்லன்னு யாரும் நெனைக்காதீங்க. புறநானூறு 80ல சாத்தந்தையார் பாடுறாரு, போரவைக் கோப்பெருநற்கிள்ளின்னு சோழன் ஒருத்தன் ஆமூர் மல்லன்கூட மோதுறான், ஒரு கால் மல்லன் மார்புல மடிஞ்சு நிக்குது, இன்னொரு கால் பின்னால போய் அவன் தந்திரத்த தடுக்குது. இத வாசிச்சப்ப எனக்கு கிரேசியோட கால்தான் கண்ணுல வந்துது. இந்த கிள்ளிக்கும் அப்பன் தித்தனுக்கும் ஒத்துப்போகாது, இந்தச் சண்டைய தித்தன் விரும்பினாலும் விரும்பாட்டியும் வந்து பாக்கட்டும்னு புலவர் சொல்றாரு. 85ல அதே கிள்ளியப் பாடுற நக்கண்ணையார்னு பெண் புலவர் இன்னும் கிட்ட வர்றா. இது அவன் ஊரும் இல்ல, அவன் நாடும் இல்ல, அதனால கூட்டத்துல ஒரு சாரார் அவனுக்குத்தான் ஆடுன்னு சொல்றாங்க, இன்னொரு சாரார் ஆடு இல்லன்னு சொல்றாங்க. ஆடுன்னா அங்க வெற்றி. அவ சிலம்பு சத்தம் கேக்க ஓடிப் போய் வீட்டு பனைமரத்துல சாஞ்சு நின்னு, அவன் ஜெயிச்சத நான் கண்டேன்ங்கறா. 2024 ஜூன்ல பூஜா தோமர் யூஎஃப்சில ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணா ஆன அன்னைக்கு நடுவர் மூணு பேர்ல ரெண்டு பேரு அவளுக்கும் ஒருத்தர் எதிர்ப்பக்கமும் சொன்னாங்க, அத தமிழ்ல "பிளவு முடிவு"ன்னு வாசிச்சாங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு சொல்லிருக்கலாம், எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். அன்னைக்கு எங்க வீட்டுல சித்தி மகள் உக்காரவே இல்ல, கதவு நெலையப் பிடிச்சுட்டு நின்னேதான் பாத்தா.

அந்த எட்டுமூலைக் கூண்டுக்கு போரவைன்னு அந்த ராஜா பேர்லருந்தே எடுத்து வைக்கலாம்னு எனக்கு ஆசை, ரெண்டு எடத்துல எழுதியும் பாத்தேன். சித்தி மகள் படிச்சுட்டு, "அண்ணே, சட்டப்பேரவைன்னு வாசிச்சிட்டேன்"னா. அதனால இப்போதைக்கு கூண்டுன்னே எழுதுதேன்.